கூண்டு போய்ச் சான்றிதழ் வந்தது

வெளிநாட்டு நாய் பிரிட்டனுக்குள் நுழைய 2000-க்கு முன் இருந்த வழி ஒன்றே ஒன்றுதான்: ஆறு மாதம் தனிமைக் கூண்டு. தடுப்பூசி போட்டிருந்தாலும் சரி, மாளிகையில் வளர்ந்திருந்தாலும் சரி, விலக்கு கிடையாது. 1902-இல் ரேபிஸை ஒழித்த தீவு அது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த நாய்களோடு 1918-இல் நோய் மறுபடி தலைகாட்டியது. அதைத் துடைத்தெடுக்க 1922 வரை ஆயிற்று. பட்ட சூட்டை அந்த நாடு லேசில் மறக்கவில்லை.

1968-இல் லண்டன் வந்த ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லர், தம் நாய்களைக் கூண்டுக்கு அனுப்ப மனமில்லாமல், தேம்ஸில் ஓர் உல்லாசப் படகையே வாடகைக்கு எடுத்து அதில் வைத்திருந்தார். நாய் கரையில் கால் வைக்காதவரை சட்டம் தொடாது! அவ்வளவு வசதி எத்தனை பேருக்கு இருக்கும்? எங்கோ ஒரு நாட்டில் தெருவில் கிடந்த நாயை இரக்கப்பட்டு அழைத்துவருவது அன்று சாமானியர் கைக்கு எட்டாத காரியம்.

இத்தனைக்கும் கூண்டு முழுக் காவலாகவும் இல்லை. 1969-இல் ஜெர்மனியிலிருந்து வந்த நாய் ஒன்று, ஆறு மாதத்தையும் கழித்து வெளியே வந்த சில நாட்களில் இங்கிலாந்தின் கேம்பர்லியில் வெறி பிடித்துக் கடித்தது.

2000 பிப்ரவரியில் கதவு திறந்தது. மைக்ரோசிப், தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை எல்லாம் புறப்படும் முன்பே முடிந்திருந்தால், குறிப்பிட்ட நாடுகளின் நாய்களுக்குக் கூண்டு வேண்டாம் என்றார்கள். 2012 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு 21 நாள் ஆனால் போதும். பிரிட்டனுக்குத் தத்துப் போகும் சென்னைத் தெருநாய்க்கு அந்தச் சலுகை இல்லை. ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். பரிசோதனையில் தேறினால், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் பொறுக்க வேண்டும். ஆக, காத்திருப்பு ஒழியவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. அந்த மாதங்களில் நாய்க்குச் சோறு போடுவது சென்னைக் காப்பகம்.

தத்துக்குப் போகும் நாய் கைமாறுகிற நாய் என்பதால், சட்டத்தின் கண்ணில் அது வணிக இறக்குமதிதான். அன்பால் எடுக்கும் நாயை வணிகம் என்பதா என்று பலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அதில் தவறு தெரியவில்லை. வேனில் முப்பது நாயை அடைத்துக்கொண்டு 'எல்லாம் என் செல்லங்கள்' என்று சொல்லி நுழைபவரைத் தடுக்க வேறென்ன வழி? 2025-இல் வந்த சட்டம் செல்லப்பிராணிகளாக வருபவற்றை ஒரு வாகனத்துக்கு ஐந்து என்று கட்டுப்படுத்த வழி செய்வதும் இதனால்தான்.

ஓட்டை இருப்பது வேறிடத்தில். விதிகள் இன்னும் ரேபிஸையே முறைத்துக்கொண்டிருக்க, 2020-க்குப் பிறகு புருசெல்லா கேனிஸ் என்ற பாக்டீரியா பெருகியிருக்கிறது. அது கண்டறியப்பட்டவற்றில் பல, ருமேனியாவிலிருந்து மீட்டு வரப்பட்ட நாய்கள். வெளியே அறிகுறி தெரியாமலும் இருக்கும், மனிதருக்கும் தொற்றும், நாய்க்கு அதை முழுதாகக் குணமாக்க முடியாது. வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால் கருணைக்கொலை வரை பேச்சு போகிறது. பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சங்கம் வற்புறுத்தியும், புறப்படும் முன் இதற்கான சோதனை நெடுநாளாகக் கட்டாயமாக்கப்படவில்லை. தத்தெடுப்பவர்கள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். படத்தைப் பார்த்து மனம் இளகினாலும், பணம் கட்டும் முன் அந்தச் சோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் அமைப்பிடம் நாய் வாங்காதீர்கள்.