அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு பாலர் பள்ளி டீச்சர்

ஷெர்லி சிஸம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, 1972-இல் அமெரிக்க அதிபர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக முயன்ற கறுப்பினப் பெண் என்பதுதான். அந்தத் துணிச்சல் பெரிது. ஆனால் அவர் எதற்காகவெல்லாம் மல்லுக்கட்டினார் என்று பார்த்தால், எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவருக்குள் இருந்த பாலர் பள்ளி டீச்சர்.

1924-இல் நியூயார்க் நகரின் புரூக்ளினில் பிறந்தவர். அப்பா ஆலைத் தொழிலாளி. அம்மா தையல் வேலையும் வீட்டு வேலையும் செய்தார். இருவரும் வேலைக்குப் போனால் பிள்ளைகளை யார் பார்ப்பது? ஷெர்லியையும் தங்கைகளையும் பார்படோஸ் தீவில் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பல வருடங்கள் அங்கேதான் வளர்ந்தார்கள்.

புரூக்ளின் கல்லூரியில் பட்டம் பெற்றதும் ஹார்லெமில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் டீச்சர் வேலையில் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் குழந்தைக் கல்வியில் முதுகலை முடித்தார். பிறகு காப்பக இயக்குநர், நியூயார்க் நகர நிர்வாகத்தின் காப்பக ஆலோசகர், மாநில சட்டமன்ற உறுப்பினர். 1968-இல் நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்கு வென்றபோது, அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவரே.

நகரத்துப் புரூக்ளின்காரரைக் கொண்டுபோய் சபையின் விவசாயக் குழுவில் போட்டார்கள். புதிதாக வந்தவர் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே வழக்கம். அவர் எதிர்த்துப் பேசி, முன்னாள் படைவீரர் விவகாரக் குழுவுக்கு மாறினார்.

1971-இல் சக உறுப்பினர் பெல்லா அப்சக்குடன் சேர்ந்து, அரசுச் செலவில் குழந்தைகள் காப்பகங்கள் நடத்தும் மசோதாவைக் கொண்டுவந்தார். சுருங்கிய வடிவில் அந்தத் திட்டம் இரு அவைகளிலும் நிறைவேறியும், அதிபர் நிக்சன் வீட்டோ செய்து தடுத்துவிட்டார். அமெரிக்கத் தாய்மாருக்கு நேர்ந்த பெரிய இழப்பு அது என்றே நினைக்கிறேன்.

அடுத்த வருடம் வேட்பாளர் போட்டியில் எதிராளிகளில் ஒருவர் ஜார்ஜ் வாலஸ், இனப் பிரிவினைக்குப் பேர்போன அலபாமா ஆளுநர். அவர் சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்தபோது ஷெர்லி நேரில் போய்ப் பார்த்தார். சொந்த ஆதரவாளர்களே கொதித்தார்கள். 1974-இல், தன் அம்மாவைப் போன்ற வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் கேட்டுப் போராடியபோது, தென்மாநில உறுப்பினர்களின் ஆதரவைத் திரட்ட அதே வாலஸ் உதவினார். சட்டம் நிறைவேறியது.

ஏழு முறை தொடர்ந்து வென்றவர், 1983-இல் தாமாகவே விலகி, மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போனார்.