குவாண்டம் சாவியைக் களவெடுத்த லேசர்

கண்டி நகரிலிருந்து திகன ஏறக்குறைய 15 கிலோமீற்றர். அந்தத் தூரத்துக்கு ஒளியிழை போட்டுப் போட்டன்களை ஒவ்வொன்றாக அனுப்பினால், கிட்டத்தட்டப் பாதிதான் மறுமுனைக்கு வந்துசேரும். வருவதைப் பிடிக்க, ஒற்றைப் போட்டனையும் தவறவிடாத உணரி வேண்டும். குவாண்டம் மறைகுறியீடு அடிவாங்கியது இந்த உணரியில்தான்.

1984 இல் பெங்களூரில் நடந்த மாநாடொன்றில் சார்ள்ஸ் பெனற், ஜில் பிராசார் இருவரும் முன்வைத்த மறைகுறியீட்டு முறை இது. செய்தியைப் பூட்டும் இரகசியச் சாவியின் ஒவ்வொரு பிட்டும் ஒரு போட்டனில் ஏறிச் செல்லும். இடையில் எவராவது அளந்துபார்த்தால் போட்டனின் நிலை குழம்பும், பிழைவீதம் கூடும், ஒட்டுக்கேட்டவர் அகப்படுவார். கணிதத்தில் குறையில்லை. ஆனால் கணிதம் எண்ணிய உணரி வேறு, சந்தையில் கிடைக்கும் உணரி வேறு.

உணரிக்குள் இருப்பது ஒரு குறைகடத்தி இருவாயி. அதன் உடைவு எல்லைக்கு மேலே மின்னழுத்தம் கொடுத்து வைத்திருப்பார்கள். ஒரு போட்டன் விழுந்தாலே இலத்திரன்கள் பெருக்கெடுத்து, மின்துடிப்பொன்று பதிவாகும். அதே இருவாயிமீது பிரகாசமான லேசரை விடாமல் பாய்ச்சினால் மின்னோட்டம் ஓயாமல் ஓடும். தொடரிலுள்ள தடையி அழுத்தத்தை விழுங்கிவிடும். இருவாயிக்கு மிஞ்சுவது எல்லைக்குக் கீழே போய்விடும். அதன்பின் ஒற்றைப் போட்டன் அதற்குத் தெரியாது. பலமான துடிப்பு வந்தால் மட்டுமே பதிவு செய்யும்.

உணரியை இப்படிக் குருடாக்கிய ஒட்டுக்கேட்பவர் போட்டன்களைத் தானே அளந்து, கிடைத்த விடையைப் பலமான துடிப்பாக அனுப்புகிறார். பெறுநரும் அவர் அளந்த முறையிலேயே அளந்தால் ஒளி முழுவதும் ஓர் உணரியில் விழுந்து பதிவாகும். வேறு முறையென்றால் இரண்டாகப் பிரிந்து எந்த உணரிக்கும் போதாமல் போகும். பிழை தோன்ற இடமேயில்லை. வழியில் தொலையும் போட்டன்கள் ஏராளம் என்பதால், பதிவாகாதவற்றை எவரும் சந்தேகிப்பதுமில்லை.

2010 இல் நோர்வேயின் வடிம் மகரோவ், லார்ஸ் லைடர்சன் குழுவினர் சந்தையிலிருந்த இரு நிறுவனங்களின் கருவிகளில் இந்தக் குறையை நிரூபித்தனர். அடுத்த ஆண்டு வெளியான ஆய்வு இன்னும் கலங்கவைப்பது: சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் 290 மீற்றர் ஒளியிழை இணைப்பில் முழுச் சாவியும் களவு போனது. கண்காணித்த எந்த அளவீடும் எச்சரிக்கவில்லை.

உள்ளே வரும் ஒளியின் வலுவைக் கண்காணிப்பது ஒரு தற்காப்பு. என் கணிப்பில் அது ஒட்டுவேலைதான். 2012 இல் ஹோய்-குவோங் லோவும் சக ஆய்வாளர்களும் சொன்ன வழி ஆழமானது: இருதரப்பும் அனுப்புவதோடு சரி, நடுவிலிருந்து அளப்பவர் எதிரியானாலும் சாவி அவருக்குத் தெரியாது.

இந்தியா 2023 இல் 6,003.65 கோடி ரூபாய்க்குத் தேசியக் குவாண்டம் திட்டத்தை அங்கீகரித்தது. அதன் தொடர்பாடல் மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்குகிறது. இலங்கையில் நம் வங்கிகளும் அமைச்சுகளும் இக்கருவிகளுக்கு விலை பேசும் நாள் வந்தால், உணரியைப் பிரகாசமான ஒளிக்கு எதிராகச் சோதித்தவர் யார், அறிக்கை எங்கே என்பதை முதலில் கேட்க வேண்டும்.