கை மட்டும் தெரியுது!

ஹீரோ கண்ணுக்கே தெரியமாட்டார். அப்புறம் அட்டையில் எதைத்தான் வரைவது?

1972-ல் சிவகாசிக்கு வந்த சோதனை இது. முத்து காமிக்ஸின் முதல் இதழ், 'இரும்புக்கை மாயாவி'. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் போதும், ஆள் மாயம். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அந்த ஒற்றைக் கையை வைத்தே வாசகனை மிரட்டியாக வேண்டும். மிரட்டினார்கள்! 'பாம்புத் தீவு', 'நாச அலைகள்', 'கொள்ளைக்கார மாயாவி' என்று பெயர்களைச் சொன்னாலே இன்றைக்கும் சில தாத்தாக்களுக்குக் கை நடுங்கும். வயசு காரணமில்லீங்க, ஆசை!

வடசென்னைப் பையன்களுக்கு இந்த ஆளைப் பிடிக்காமல் போயிருந்தால்தான் ஆச்சரியம். திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எண்ணூரில் அசோக் லேலண்டு, ராயபுரத்தை ஒட்டினாற்போல் துறைமுகம். இரும்பையும் கிரீஸையும் பார்த்தே வளர்ந்த பசங்க. இரும்புக் கை என்றால் அவர்களுக்குப் பக்கத்து வீட்டு மாமா மாதிரி.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? உள்ளே இருக்கிற கதை இங்கிலாந்துச் சரக்கு. 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையில் 1962-ல் ஆரம்பித்தது. படம் வரைந்த பிளாஸ்கோ ஸ்பெயின்காரர். நமக்கு வந்தது பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில். ஆனால் அட்டை? அது சுத்தமான நம்மூர்ச் சமாசாரம்! ரத்தச் சிவப்பு, மாம்பழ மஞ்சள், கண்ணைப் பறிக்கும் நீலம். வெளிநாட்டு ஒரிஜினலைப் பார்த்து வரைந்த அட்டைகளும் உண்டுதான். அதிலும் கலர் மட்டும் சிவகாசிக் கலர்.

அந்தக் கலர் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால், தீப்பெட்டியிலிருந்து! 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டி வந்ததும் லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக அச்சகம், அப்புறம் பட்டாசு லேபிள், காலண்டர். எல்லாமே கடையில் தொங்கும்போதே ஆளைக் கூப்பிட வேண்டிய சரக்கு. காமிக்ஸ் அட்டையும் அதே ஜாதிதான். பெட்டிக்கடைக் கயிற்றில் வாழைப்பழத்துக்கும் வாரப் பத்திரிகைக்கும் நடுவில் தொங்கியபடி, 'டேய் தம்பி, இங்க வா' என்று கூப்பிட வேண்டும்.

இந்தத் தீப்பெட்டி உறவு வடசென்னைக்கும் உண்டு. சுவீடன்காரர்கள் தொடங்கிய விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரில்தான் விம்கோ நகர் ஸ்டேஷனே இருக்கிறது!

1984 ஜூலை வந்தது. சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் 'கத்தி முனையில் மாடஸ்டி'யோடு புறப்பட்டது. அதே மாதம் சென்னையிலிருந்து ராணி காமிக்ஸ் ஜேம்ஸ்பாண்டோடு இறங்கியது. பையன்களின் பாக்கெட் மணிக்குப் பட்டப்பகலில் கொள்ளை! லயனில் ஸ்பைடர் வந்தார், 1985-ல் 'தலை வாங்கிக் குரங்கு' மூலம் டெக்ஸ் வில்லர் வந்தார். லயன், முத்து அட்டைகள் பலவற்றை வரைந்த ஓவியர் மாலையப்பன் பெயரைச் சொன்னால் சேகரிப்பாளர்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள்.

ஸ்பைடர் கதைகள் பலவற்றை எழுதியவர் யார் தெரியுமா? ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர்! அந்த சூப்பர்மேன் முதன்முதலில் வந்த 1938-ம் வருட இதழின் விலை 10 சென்ட். அட்டையில் அவர் ஒரு காரையே தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்பார். 2024-ல் அதன் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நம்ம பணத்தில் சுமார் 50 கோடி ரூபாய்!

நம்மூரில் அந்த ரேட் கிடையாது. ஆனால் தேடல் அதே தேடல்தான். 'அட்டையோட இருக்கா?' இதுதான் சேகரிப்பாளரின் முதல் கேள்வி. ஏனென்றால் முதலில் செத்துப்போவது அட்டைதான். வாடகை நூல் நிலையத்தில் நாலு கை மாறினால் கிழியும். பைண்டிங் செய்பவர் வெட்டி எறிவார். மிச்சத்தைப் பழைய பேப்பர்காரர் எடைக்கு வாங்கிப் பொட்டுக்கடலைப் பொட்டலம் ஆக்குவார். பழைய புத்தகங்களின் சொர்க்கமாக இருந்த மூர் மார்க்கெட்டும் 1985 மே மாதம் தீயில் போனது. அந்த இடத்தில்தான் இன்றைக்குப் புறநகர் ரயில் நிலையம். திருவொற்றியூர், எண்ணூர் போகிற ஜனங்கள் புத்தகச் சொர்க்கத்தின் மேல் நின்றுதான் ரயில் பிடிக்கிறார்கள்!

கதை போனால் பரவாயில்லை, மறுபதிப்பு வரும். மாயாவியும் திரும்பத் திரும்ப வந்துகொண்டுதான் இருக்கிறார். ஆனால் மறுபதிப்பில் அட்டை மாறிவிடுவது சகஜம். உள்ளே இருந்த வெளிநாட்டுச் சரக்கு பத்திரமாக இருக்கிறது. வெளியே இருந்த நம்மூர்ச் சரக்குதான் தொலைகிறது. வேடிக்கையான கணக்கு!

அதனால் பரண் மேலே பழைய காமிக்ஸ் இருந்தால் கொஞ்சம் கருணை காட்டுங்கள். கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள். பத்து வருஷத்தில் பழுப்புக் கறை விழும். வெயில் படும் இடத்தில் வைத்தால் சிவப்பும் மஞ்சளும் வெளிறி, நீலம் மட்டும் பேய் மாதிரி நிற்கும். ராயபுரம், எண்ணூர்வாசிகளுக்கு ஸ்பெஷல் எச்சரிக்கை: கடல் காற்றில் பின் துருப்பிடித்து அட்டையின் நடுவே ஓட்டை போட்டுவிடும். துருப்பிடித்த பின்னை மெல்லக் கழற்றிவிட்டு, நூலால் ஒரு தையல் போட்டு வையுங்கள்.

மின்சாரத்தைத் தொட்டு மறைந்த மாயாவி கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிடுவார். எடைக்குப் போன அட்டை வராது!