இங்கே கம்பைல், அங்கே ஓட்டம்

தர்மபுரி செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவரின் மடிக்கணினி அநேகமாக இன்டெல் வகை. அவர் கைபேசியில் இருப்பது ஆர்ம். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாகி, 2018-இல் லினக்ஸை ஓட்டிக்காட்டிய சக்தி புராசசரோ மூன்றாவது இனமான ரிஸ்க்-ஃபைவ். ஒன்றுக்கான கட்டளை மற்றொன்றுக்குப் புரியாது.

புதிய இனப் புராசசர் வரும் நாளில், லிஸ்ப் மொழி நிரலை எந்திரக் கட்டளையாக மாற்றும் கம்பைலர் எதுவும் அதில் ஓடக்கூடியதாக இருக்காது. அதனால் மடிக்கணினியிலேயே அதற்கான கட்டளைகளைத் தயாரித்து அனுப்ப வேண்டும். இதுதான் க்ராஸ் கம்பைலிங். சி மொழிக்காரர்களுக்கு இது அன்றாட வேலை. 1958-இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்பில் சிக்கல் அதிகம். காரணம், மேக்ரோ.

மேக்ரோ என்பது நிரல் எழுதும் நிரல். கம்பைல் நடக்கும்போதே, மடிக்கணினியிலேயே அது ஓடிவிடும். ஃபிக்ஸ்னம் எனப்படும் சிறு முழு எண்ணின் உச்ச வரம்பை மேக்ரோ கேட்டால், வருவது மடிக்கணினியின் விடை. எஸ்.பி.சி.எல். என்ற கம்பைலரில் 64 பிட் எந்திரத்துக்கு அந்த வரம்பு 4611686018427387903. 32 பிட்டுக்கு வெறும் 536870911. தன் உடம்பை அளந்து வாடிக்கையாளருக்குச் சட்டை வெட்டும் தையல்காரரைப் போன்ற பிழை இது. கம்பைல் செய்யும்போது எந்த எச்சரிக்கையும் வராமல் போகலாம், அதுதான் ஆபத்து.

இதை நேராக எதிர்கொண்டதால்தான் 1999-இல் வில்லியம் நியூமன் தொடங்கிய எஸ்.பி.சி.எல்.லை நான் பெரிதும் மதிக்கிறேன். அது தன்னைத்தானே கட்டிக்கொள்ளும்போது இரண்டு எந்திரங்களின் உலகத்தையும் கலக்க விடுவதில்லை. கைவசமுள்ள ஏதாவதொரு காமன் லிஸ்ப் (லிஸ்பின் ஒரு வகை) கம்பைலரில் முதலில் க்ராஸ் கம்பைலரைக் கட்டுகிறது. இலக்கு எந்திரத்தின் எண் வரம்பு போன்ற விவரங்கள் தனிப் பெயர்வெளியில் இருக்கும். கேட்கும் நிரலுக்கு அங்கிருந்தே விடை கிடைக்கும். பிறகு இலக்குக்கான சி அடித்தளம் தயாராகிறது. லிஸ்ப் மூலக் கோப்புகளில் பெரும்பாலானவை கம்பைலாகி, நினைவகத்தில் இருக்கவேண்டிய வடிவத்திலேயே ஒற்றைக் கோப்பாகின்றன. அதை இலக்கு எந்திரம் ஏற்றிக்கொண்டு மீதி வேலையைத் தானே முடிக்கும்.

சொந்த நிரலை வேறு சிப்புக்கு அனுப்ப விரும்பும் மாணவருக்கு ஈ.சி.எல். என்ற மற்றொரு லிஸ்ப் கம்பைலர் எளிய வழி. அது லிஸ்பை சி-யாக மாற்றித் தரும். மீதியை அந்தச் சிப்புக்கான சி கம்பைலர் பார்த்துக்கொள்ளும். அங்கும் மேக்ரோ ஓடுவது மடிக்கணினியில்தான். எந்திரத்தைப் பொறுத்து மாறும் கணக்குகளை மேக்ரோவுக்குள் முடித்துவிடாமல், இலக்கில் நிரல் ஓடும் நேரத்துக்கு விட்டுவிடுவது நல்லது.