இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

கோல சிலாங்கூர் மாவட்டத்தின் பெஸ்தாரி ஜெயாவிலோ புக்கிட் ரோத்தானிலோ ஏதாவது ஒரு குடியிருப்புத் தாமானில் விளக்கு வைக்கும் நேரத்தில் நடந்து பாருங்கள். வரிசையில் ஒரு வீடு மட்டும் இருட்டாக நிற்கும். கேட்டில் சங்கிலிப் பூட்டு. தபால் பெட்டியில் வரிச்சீட்டுகள் மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். நிலைப்படியில், போன தீபாவளிக்குக் கட்டிய மாவிலைத் தோரணம் சருகாகத் தொங்கும். பிள்ளைகள் கிள்ளானிலோ ஷா ஆலாமிலோ குடியேறியிருப்பார்கள். பெற்றோர் காலமாகியிருப்பார்கள்.

அந்தச் சீட்டில் இருக்கும் மதிப்பீட்டு வரியை நம் மக்கள் ‘சுக்காய் பிந்து’ என்றே சொல்கிறார்கள். அதாவது கதவு வரி. பிப்ரவரி முடிவதற்குள் ஒரு தவணை, ஆகஸ்டு முடிவதற்குள் ஒரு தவணை. கதவு திறந்திருந்தாலும் பூட்டியிருந்தாலும் கட்டத்தான் வேண்டும்.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின்படி, வீடு குறைந்தது ஒரு மாதமாவது ஆளில்லாமல், வாடகை வராமல் கிடந்தால், அந்தக் காலத்துக்கான வரியில் கழிவு கேட்கலாம். ஆனால் வீடு பழுதில்லாமல் குடியிருக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். வாடகைக்கு ஆள் தேடியிருக்க வேண்டும். கேட்ட வாடகையும் நியாயமாக இருக்க வேண்டும். இவற்றை மெய்ப்பிக்க வேண்டியவர் உரிமையாளர். ஒழுகும் கூரையோடு வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டுச் சலுகை கேட்க முடியாது.

கனடாவில் நிலைமை நேரெதிர். வான்கூவர் நகரம் 2017-இல் காலி வீட்டு வரியைக் கொண்டுவந்தது. தமிழர்கள் ஏராளமாக வாழும் டொராண்டோவில் 2022-ஆம் ஆண்டு முதல் அந்த வரி உண்டு. வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று ஒவ்வோர் உரிமையாளரும் ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் காலியாகக் கிடந்தால், வீட்டின் மதிப்பீட்டில் முதலில் 1 விழுக்காடு, 2024-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து 3 விழுக்காடு. மதிப்பீடு 6 லட்சம் டாலர் என்றால் வரி 18 ஆயிரம் டாலர். அறிவிக்காத வீடு காலி வீடாகவே கொள்ளப்படலாம். 2024-இல் அங்கே குடியிருந்துகொண்டே அறிவிக்கத் தவறிய ஆயிரக்கணக்கானோருக்கு வரிச்சீட்டு போய்ச் சேர்ந்து பெருங்குழப்பம் ஆனது. முதியவர்கள் பலர் கலங்கிப்போனார்கள்.

அந்தக் குழப்பம் நமக்கு வேண்டாம். ஆனால் அவர்கள் கேட்கும் கேள்வி நமக்கு வேண்டும்: இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

ஏனென்றால், அந்தக் கேள்வியை நம் தோட்டங்களில் யாரும் கேட்கவே இல்லை. தோட்டத்து வீடு வேலையோடு வரும், வேலையோடு போகும். 1990-ஆம் ஆண்டு தொழிலாளர் வீடமைப்புச் சட்டம், தொழிலாளிக்குத் தரும் வீடு தரமாக இருக்கச் சொன்னதே ஒழிய, அதை அவருக்குச் சொந்தமாக்கவில்லை. பால்மரம் சீவி, செம்பனைக் குலை வெட்டி, மூன்று தலைமுறை ஒரே லயத்தில் வாழ்ந்திருந்தாலும் அவர்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. நிலம் கைமாறியபோது, குடியிருந்த காலம் கணக்கில் வரவில்லை.

மேரி, நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீடு கேட்டுக் கால் நூற்றாண்டு போராடினார்கள். 245 குடும்பங்களுக்குப் பெஸ்தாரி ஜெயாவில் வீடு கட்ட 2023-இல்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. கேட்டவர்களில் பலர் அதற்குள் கண்மூடிவிட்டார்கள்.

ஒரு பக்கம் ஆளில்லாத வீடு. மறுபக்கம் வீடில்லாத ஆள். இரண்டும் ஒரே சாலையில் இருக்கின்றன. காலி வீட்டுக்கு வரி போடுவதா, கழிவு கொடுப்பதா என்பது பிறகு. முதலில் கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகம் தாமான் தாமானாகக் காலி வீடுகளைக் கணக்கெடுக்கட்டும். அறிவிப்புப் படிவம் வந்தால், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டிக்கும் அது புரிய வேண்டும்.

பூட்டிய வீட்டின் சாவி உங்களிடம் இருந்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த தவணை கட்டப் போகும்போது, வீடு காலி என்பதை எழுதிக் கொடுங்கள். கூரையைச் சரி செய்யுங்கள். நியாயமான வாடகைக்குத் தோட்டத்தை விட்டு வந்த ஒரு குடும்பத்தைக் குடிவையுங்கள். உங்கள் பெற்றோர் கட்டிக் காத்த வீட்டில் மீண்டும் விளக்கு எரியட்டும்.