சென்னையில் பிறந்தவரும் பனிமலைச் சிற்றூரும்

ஸ்விட்ஸர்லாந்து தேசத்தின் பெர்ன் மாகாணத்தில், செங்குத்தான பாறை விளிம்பொன்றின்மீது மூரென் என்னும் சிற்றூர் அமர்ந்திருக்கிறது. உயரம் ஏறக்குறைய 5,400 அடி. எதிரே ஐகர், மோங்க், யுங்ஃப்ரௌ என்ற மூன்று சிகரங்கள். வீதிகளில் மோட்டார்களின் இரைச்சல் இல்லை.

வாலிஸ் பிரதேசத்திலிருந்து கணவாய்களைக் கடந்து வந்த குடியானவர்கள் இடைக்காலத்தில் இங்கே குடியேறினர். பசுக்களும் புல்வெளியுமே அவர்களுடைய செல்வம். குளிர்காலமோ கதவடைத்துக் காத்திருக்கும் பருவம். 1891-ல் ரயில் வந்த பின்னரும் அது கோடையில் மாத்திரமே ஓடிற்று. பனியைப் பார்க்க யார் வருவார் என்று எண்ணினர் போலும்!

1910-ல் அதைக் குளிர்காலத்திலும் ஓடச் செய்தவர் ஹென்றி லன் என்ற ஆங்கிலேயர். நம் நாட்டில் சிறிது காலம் பாதிரியாராயிருந்து, பிறகு பிரயாண ஏற்பாட்டுத் தொழிலில் இறங்கியவர். அவருடைய புதல்வர் ஆர்னால்ட் லன் 1888-ல் பிறந்தது நம் சென்னைப் பட்டணத்தில்! மார்கழி விடியலின் பனித்துளியன்றி வேறு பனி அறியாத ஊர் நம்முடையது.

காலில் நீண்ட பலகைகளைப் பூட்டிப் பனியில் வழுக்கிச் செல்வதே ஸ்கீ. நெடுந்தூரம் செல்வதும் மேட்டிலிருந்து தாவுவதுமே அதன் பெருமை என்று நார்வே தேசத்தார் கருதினர். லன்னோ சரிவில் இறங்கும் வேகத்தைப் பெரிதாக மதித்தார். கொடிகளை நட்டு அவற்றினூடே வளைந்து இறங்கும் ஸ்லாலம் பந்தயத்தில், அழகுக்கு மதிப்பிடுவதை விட்டு நேரத்தை மட்டும் கணக்கிடும் முறையை 1922-ல் மூரெனில் நடத்திக் காட்டினார். 1931-ல் முதல் உலகப் பந்தயமும் இங்கேயே நடந்தது. பெண்களுக்குரிய இரு பந்தயங்களிலும் வென்றவர் எஸ்மே மக்கின்னன் என்ற இளம்பெண். 1936-ல் ஒலிம்பிக் பந்தயமும் இவ்விளையாட்டை ஏற்றுக்கொண்டது.

1924-ல் இவ்வூரில் தோன்றிய ஸ்கீ சங்கத்தின் பெயர் காந்தஹார்! 1880-ல் காபூலிலிருந்து காந்தஹாருக்குப் படை நடத்திய ராபர்ட்ஸ் பிரபு, பிற்காலத்தில் ஸ்கீ பந்தயத்துக்கு ஒரு கிண்ணம் அளித்தார். அப்படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். ஆல்ப்ஸ் பனியில் நிலைத்ததோ தளபதியின் பட்டம்.

ஸ்கீ அறியாதவர்க்கும் இங்கே சறுக்கு வண்டி உண்டு. பனிப் பாதையில் உலாவலாம். ஊரார் பெரிதாய்க் கொண்டாடுவது 'இன்ஃபெர்னோ' பந்தயத்தையே. 1928-ல் ஷில்ட்ஹார்ன் சிகரத்திலிருந்து 17 பேர் பள்ளத்தாக்கை நோக்கி விரைந்தனர். இக்காலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கலந்துகொள்கின்றனர். பனி குறைந்த ஆண்டுகளில் ஓட்டத்தின் தூரத்தைச் சுருக்கிவிடுகிறார்கள். முன்னோர் கதவடைத்து அஞ்சிய பனியை, இன்று ஊரார் ஜன்னலைத் திறந்துவைத்து எதிர்பார்க்கின்றனர்.