கடல் உள்ளே இழுத்தால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள்! - உயிர் காக்கும் ப்ளஸ் ஒன் பாடம்

'மணிக்கு 4 கி.மீ வேகத்தில் செல்லும் படகு, மணிக்கு 3 கி.மீ வேகத்தில் ஓடும் ஆற்றை நேர் குறுக்காகக் கடக்க முயல்கிறது. படகு உண்மையில் எந்தத் திசையில் போகும்?'

ப்ளஸ் ஒன்னில் இயற்பியல் எடுத்தவர்களுக்கு இந்தக் கேள்வி நினைவிருக்கும். நானும் மார்க்குக்காகப் படித்து எழுதிவிட்டு, பரீட்சை ஹாலைவிட்டு வெளியே வந்ததும் மறந்துவிட்டேன். ஆனால், கடலில் சிக்கியவர் உயிர் பிழைப்பதற்கான விடையும் இதே கணக்கில்தான் இருக்கிறது.

3 + 4 = 5 ஆவது எப்படி?

மளிகைக் கடையில் 3 கிலோவும் 4 கிலோவும் சேர்ந்தால் 7 கிலோ. வேகம் அப்படியல்ல, அதற்குத் திசையும் உண்டு. இரண்டும் ஒரே திசையில் இருந்தால் 7, நேரெதிராக இருந்தால் 1. ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால்?

ஒரு பேப்பரும் ஸ்கேலும் எடுத்துக்கொள்ளுங்கள். படகுக்காக மேல்நோக்கி 4 செ.மீ அம்பு வரையுங்கள். அதன் நுனியிலிருந்து, ஆற்றுக்காக வலப்பக்கம் 3 செ.மீ அம்பு வரையுங்கள். தொடங்கிய புள்ளியையும் முடிந்த புள்ளியையும் இணைத்து அளந்தால், சரியாக 5 செ.மீ. இதைத்தான் 'தொகுபயன் வெக்டர்' என்கிறது பாடப்புத்தகம். அதாவது, படகு மணிக்கு 5 கி.மீ வேகத்தில், நேர்க்கோட்டிலிருந்து சுமார் 37 டிகிரி சாய்ந்து, ஆறு ஓடும் பக்கமாகப் போகும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஆற்றின் அகலம் 400 மீட்டர் என்றால், படகு அக்கரை சேர 6 நிமிடங்கள் ஆகும். ஆற்றின் வேகம் இரண்டு மடங்கானாலும் அதே 6 நிமிடங்கள்தான்! 300 மீட்டர் தள்ளிப் போய்ச் சேர வேண்டிய படகு 600 மீட்டர் தள்ளிப் போய்ச் சேரும், அவ்வளவுதான். ஆற்றால் படகைப் பக்கவாட்டில் தள்ள முடியும். குறுக்கே போவதைத் தடுக்க முடியாது.

இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு கடற்கரைக்கு வாருங்கள்.

அமைதியாகத் தெரியும் ஆபத்து

அலைகள் மணல்திட்டைத் தாண்டி வந்து கரையோரம் தண்ணீரைக் குவிக்கின்றன. அந்தத் தண்ணீர் கடலுக்குத் திரும்ப வேண்டுமே? மணல்திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ, அந்த வழியாக ஒரு வாய்க்கால்போலப் பாய்ந்து வெளியேறுகிறது. இதற்குப் பெயர் 'ரிப் கரண்ட்'.

அந்த இடத்தில் அலைகள் அதிகம் உடையாது. இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாகத் தெரியும். சில நேரம் மணல் கலங்கிய நிறத்தில் இருக்கும். 'இங்கே அலையே இல்லை, குழந்தைகளை இறக்கலாம்' என்று நாம் தேர்ந்தெடுப்பதும் பெரும்பாலும் அந்த இடத்தைத்தான்.

பலரும் நினைப்பதுபோல இந்த நீரோட்டம் ஆளை அடியில் இழுத்து அமுக்குவதில்லை. கரையிலிருந்து கடலை நோக்கி இழுத்துச் செல்கிறது. பெரும்பாலும் நொடிக்கு அரை மீட்டர் அளவில் இருக்கும் இதன் வேகம், சில நேரம் நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வென்ற சீன வீரர் பான் ஜான்லேவின் சராசரி வேகமே நொடிக்கு சுமார் 2.15 மீட்டர்தான்.

எதிர்த்து நீந்தினால்...

நீரோட்டம் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இழுக்கிறது. உங்களால் நொடிக்கு அரை மீட்டர்தான் நீந்த முடியும் என்று வைத்துக்கொள்வோம்.

பதற்றத்தில் கரையைப் பார்த்து நீந்துவீர்கள். இரண்டு அம்புகளும் நேரெதிர். கழித்தால், கடலை நோக்கி அரை மீட்டர். ஒரு நிமிடம் உயிரைக் கொடுத்து நீந்திய பிறகும் 30 மீட்டர் உள்ளே போயிருப்பீர்கள். மூச்சு வாங்கும், கை கால் சோர்ந்துவிடும். ஆளைக் கொல்வது பெரும்பாலும் இந்தச் சோர்வுதான்.

பக்கவாட்டில் நீந்தினால்...

இப்போது கரைக்கு இணையாக நீந்துங்கள். 20 மீட்டர் அகல நீரோட்டத்தின் நடுவில் இருக்கிறீர்கள் என்றால், ஓரத்துக்கு 10 மீட்டர்தான். 20 நொடிகளில் வெளியே வந்துவிடலாம். அதற்குள் 20 மீட்டர் உள்ளே போயிருப்பீர்கள். உங்கள் தொகுபயன் அம்பு கடல் பக்கம் சாய்ந்தே இருக்கும். கரை விலகுவதைப் பார்த்து மனம் பதறும். பதற வேண்டாம். படகை ஆற்றால் தடுக்க முடியாததைப்போல, உங்கள் பக்கவாட்டு நகர்வையும் இந்த நீரோட்டத்தால் தடுக்க முடியாது. வெளியே வந்ததும், நீரோட்டத்தைவிட்டு விலகி, கரையை நோக்கிச் சாய்வாக நீந்துங்கள். அலைகளே உங்களைக் கரைப் பக்கம் தள்ளும்.

நிஜக் கடல், நோட்டில் போடும் கணக்கைப்போல எப்போதும் நேராக இழுக்காது. ஒரு பக்கம் நீந்துவது கடினமாக இருந்தால், மறுபக்கம் முயலுங்கள்.

நீச்சல் தெரியாதா?

* நீரோட்டத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். மல்லாந்து மிதக்க முயலுங்கள். அலை உடையும் பகுதியைத் தாண்டியதும் இழுப்பின் வேகம் பொதுவாகக் குறைந்துவிடும்.
* ஒரு கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.
* கரையில் இருப்பவர்கள் உடனே தண்ணீரில் குதிக்க வேண்டாம். காப்பாற்றப் போனவரும் மூழ்குவது அடிக்கடி நடக்கிறது. மூடிய காலித் தண்ணீர் கேன், பந்து என மிதக்கும் பொருளை வீசுங்கள். 112-க்கு போன் செய்யுங்கள்.
* 'இங்கே குளிக்கக் கூடாது' என்ற பலகை இருந்தால், காலைக்கூட நனைக்காதீர்கள். கிளம்பும் முன்பு கடல் சீற்ற எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் 'இன்காய்ஸ்' மையம் இதை வெளியிடுகிறது.

அடுத்த முறை பீச்சுக்குக் கிளம்பும் முன்பு, வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்த இரண்டு அம்புகளையும் வரைந்து பாருங்கள். ஐந்தே நிமிட வேலை. கரை விலகிப் போகும் அந்தப் பதற்றத்தில், எந்தப் பக்கம் நீந்த வேண்டும் என்பது அவர்களுக்கு நினைவிருக்கும்.